ஓய்வுக்குப் பணம் சேர்க்கிறோம். பொழுதுக்கு என்ன சேர்க்கிறோம்?

தோட்டத்து வீடுகளில் 55 வயது என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். எல்லாருக்கும் நினைவுக்கு வருவது சேமநிதிப் பணம்தான். "அப்பாவுக்கு எப்போது 55 ஆகிறது?" என்று மகன் கேட்கிறானென்றால், அவன் மனத்தில் ஒரு புது மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள். மகளின் திருமணம், வீட்டுக்கு முன்பணம், பழைய வட்டிக் கடன், கோயிலுக்கு வேண்டிக்கொண்ட காணிக்கை என்று, பணம் வருவதற்கு முன்பே அதற்குச் சொந்தக்காரர்கள் வரிசை பிடித்து நிற்பார்கள்.

பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்க ஊரெல்லாம் ஆள் உண்டு. அதற்குப் பிறகு வரப்போகும் பொழுதை என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாராவது உங்களைக் கேட்டதுண்டா? இன்று நான் கேட்க விரும்புகிறேன்.

நகரத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடையே இப்போது ஒரு புதிய பேச்சு நடக்கிறது. 55, 60 என்று காத்திருக்காமல், சிக்கனமாக வாழ்ந்து, வேகமாகச் சேர்த்து, 40 அல்லது 45 வயதிலேயே வேலையை விட்டுவிட வேண்டுமாம். என்னிடம் படித்து இன்று கோலாலம்பூரில் கணக்குத் துறையில் இருக்கும் மாணவன் ஒருவன் சென்ற தீபாவளிக்கு வந்திருந்தான். வயது 32. "45 வயதுக்கு மேல் யாருக்கும் கைகட்டி நிற்க மாட்டேன், டீச்சர்" என்றான். இவனுடைய பாட்டனார் விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, கங்காணி பெயர் கூப்பிடும்போது "ஆஜர்" சொன்னவர். அவர் பேரனுக்கு இப்படி ஓர் எண்ணம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அதை மறைக்க மாட்டேன்.

கணக்கையும் விளக்கினான். ஓர் ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்த்துவிட வேண்டும். முதல் ஆண்டு அதில் நூற்றுக்கு 4 வீதம் எடுத்துச் செலவு செய்து, பிறகு விலைவாசிக்குத் தக்கபடி கூட்டிக்கொண்டே போகலாம். மாதம் 2,000 வெள்ளி செலவாகும் வீட்டுக்கு ஆண்டுக்கு 24,000. அதன் 25 மடங்கு 6 லட்சம் வெள்ளி. இது வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கணக்கு. அந்நாட்டுப் பங்குச் சந்தையின் பழைய ஏற்ற இறக்கங்களைப் பார்த்து, பணம் 30 ஆண்டுகளாவது தாங்கும் என்று அவர் கண்டார். 45 வயதில் வேலையை விடுகிறவன் 85 வரை இருந்தால் 40 ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவின் 30 ஆண்டுக் கணக்கு மலேசியாவின் 40 ஆண்டுகளுக்குப் பொருந்துமா? அவன் அதையும் யோசித்து வைத்திருந்தான். கெட்டிக்காரப் பிள்ளை.

"சரி தம்பி, வேலையை விட்ட பிறகு திங்கட்கிழமை காலையில் என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"நன்றாகத் தூங்குவேன், டீச்சர்."

"செவ்வாய்க்கிழமை?"

சிரித்தான். பதில் வரவில்லை. முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டான்.

6 லட்சமெல்லாம் நமக்கு எட்டுமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளி கட்டும் 11 விழுக்காடு 187 வெள்ளி. முதலாளி கட்டும் 13 விழுக்காடு 221 வெள்ளி. ஆக மாதம் 408, ஆண்டுக்கு 4,896. 25 வயதில் தொடங்கி 30 ஆண்டுகள், சம்பளம் ஒரு காசுகூட உயராமல், ஆண்டுக்கு 5 விழுக்காடு லாப ஈவு கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், கையில் சேர்வது ஏறத்தாழ 3 லட்சத்து 25 ஆயிரம். இடையில் ஒன்றும் எடுக்காமல் இருந்தால்தான் இது. 2024 மே மாதம் முதல் 55 வயதுக்குக் குறைந்தவர்களின் சந்தாவில் 100 வெள்ளிக்கு 10 வெள்ளி, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய தனிக் கணக்கில் விழுகிறது. அவசரத்துக்கு நல்லது. ஆனால் மாதாமாதம் அவசரம் வருகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

இன்று 55ஐத் தொடுகிறவர்களுக்கு இந்தத் தொகையும் கிடையாது. அவர்கள் பாடுபட்ட காலத்தின் பெரும்பகுதியில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே இல்லை. 2013ஆம் ஆண்டில் தீபகற்பத்தில் அது தொடங்கியபோது 900 வெள்ளிதான். ஆகவே அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. 55 ஆனதும் பணத்தை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அங்கேயே விட்டு வைக்கலாம். வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மாதச் சம்பளம் போல் மாதாமாதம் வரும்படியும் எழுதிக் கொடுக்கலாம். மீதிக்கு லாப ஈவு சேர்ந்துகொண்டே இருக்கும். 2013 ஜூலை முதல் வேலை ஓய்வுக்கான குறைந்தபட்ச வயது 60 ஆகிவிட்டது. சம்பளமும் வந்துகொண்டு, சேமநிதியும் கைக்கு எட்டும் அந்த 5 ஆண்டுகளில்தான் பல வீடுகளில் பணம் கரைகிறது.

இன்னொன்று: வீடு. வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்பதே பல இடங்களில் வழக்கம். சொந்தக் கூரை இல்லாதவருக்கு நான் வேறு எந்த முதலீட்டையும் சொல்ல மாட்டேன். முதலில் வீடு, பிறகு மற்றவை.

பணத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் மட்டும் போதுமா? எங்கள் வட்டாரத்தில் ஒருவர் இருக்கிறார். பால்மரம் வெட்டுவதில் சூரர். உளி பட்டையில் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். மரத்தில் காயம் படாது. புதிதாக வந்தவர்களை அவருடைய நிரைக்கு அனுப்பி, பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்வார்களாம். குடி இல்லை, கடன் இல்லை. வேலையை விட்டபோது சொந்தத்தில் சிறிய வீடு இருந்தது. சேமநிதியில் ஒரு பகுதியைத்தான் எடுத்தார். ஊரே அவரைக் காட்டிப் பேசியது.

முதல் மாதம் உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய்வந்தார். இரண்டாம் மாதம் வீட்டுக்குச் சாயம் அடித்தார். மூன்றாம் மாதம் அடிப்பதற்குச் சுவர் இல்லை. ஆனால் காலை நாலரைக்கு விழிப்பு வருவது மட்டும் நிற்கவில்லை. எழுந்து, கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு, இருட்டில் படியில் உட்கார்ந்திருப்பார். யாருடனும் பேச்சில்லை. சாப்பாடு குறைந்தது. கிளினிக்கில் பார்த்தார்கள், பெரிய நோய் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டே ஆண்டுகளில் ஆள் பாதியாகிவிட்டார். "முன்பெல்லாம் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது பத்து விஷயம் கொண்டு வருவாரும்மா, இப்போது என்னிடம்கூடப் பேச ஒன்றுமில்லை" என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார்.

அந்தக் கையில் இருந்த வித்தை எங்கே போயிற்று? அதைக் கேட்டு யாரும் போகவில்லை. அவருக்கும் கொடுக்கத் தோன்றவில்லை.

வேலை என்பது சம்பளம் மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை, பாருங்கள். எழுந்திருக்க ஒரு நேரத்தைக் கொடுத்தது. கூடப் பேச நாலு பேரைக் கொடுத்தது. உடம்புக்கு நடையைக் கொடுத்தது. இன்னாரைக் கேட்டால் தெரியும் என்று ஒரு பெயரையும் கொடுத்தது. சம்பளத்துக்குப் பதிலாகச் சேமநிதி வருகிறது. மற்ற நான்குக்கும் எந்த வாரியமும் சந்தா பிடித்து வைப்பதில்லை.

நம் மக்களுக்குச் சேமிப்பு புதிதன்று. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் பல. அந்த வேளையில் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கொடுங்கள், 100 வெள்ளியில் ஒரு பங்கு உங்களுக்கு என்று கேட்டார். 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கியது. அன்றைய கூலியில் 10 வெள்ளி என்பது வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தர வேண்டிய பணம். ஆனாலும் கொடுத்தார்கள். எதற்காகச் சேர்க்கிறோம் என்பது அவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. 10 வெள்ளி அதன் பின்னால் வந்தது. இன்று நம் பிள்ளைகள் தொகையை முதலில் வைத்துக்கொள்கிறார்கள். எதற்காக என்பதைத் தொகை சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்போது பார்த்தால் கிடைக்குமா?

செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிய ஓர் அக்காவை எனக்குத் தெரியும். வேலையில் இருக்கும்போதே, 50 வயதில், பால்மாவு டின்களில் மண் போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வைக்கத் தொடங்கினார். பிறகு மல்லிகை, முருங்கை. வேலையை விட்டபோது வீட்டைச் சுற்றி இருநூறு டின்களுக்குக் குறையாது. ஞாயிறு சந்தையில் விற்கிறார். கிடைப்பது பெரிய பணமன்று. உரத்துக்கும் பஸ்ஸுக்கும் போக, பேரப்பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்க மிஞ்சும். ஆனால் இலை சுருண்டால் அவரைத்தான் தேடி வருகிறார்கள். எங்கள் பள்ளித் தோட்டத்துக்கும் அவர்தான் ஆலோசகர். பிள்ளைகளை அதட்டுவதில் என்னைவிட ஒரு படி மேல்.

வீட்டிலேயே இருக்கும் தாய்மார்கள், "எங்களுக்கு ஏது 55?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கணவர் ஓய்வு பெற்றால் உங்களுக்கு வேலை கூடுகிறது. நாள் முழுதும் அடுப்பில் கோப்பித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே அவர் பொழுதை என்ன செய்யப் போகிறார் என்பதில் உங்களுக்கும் பாதிப் பேச்சு உண்டு. வேலையை விடுவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே பேசத் தொடங்குங்கள். விட்ட பிறகு பேசினால் அது சண்டையில் முடியும்.

ஓய்வு பெற்ற கிராணி ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலையில் இருந்தபோது மிகவும் கறாரானவர் என்று பெயர். இப்போது ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டுக்கொண்டு உட்காருகிறார். மலாயில் வரும் கடிதங்களைப் படித்துச் சொல்வார். பாரம் நிரப்பித் தருவார். சேமநிதிக்கு வாரிசுப் பெயர் எழுதி வைத்தாயா என்று வருகிறவர்களையெல்லாம் கேட்பார். எழுதாமல் கணவர் இறந்து, ஒவ்வொரு அலுவலகமாக அலைந்த பெண்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். காசு வாங்குவதில்லை. மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடினால் மட்டும் பழைய கிராணி வெளியே வந்துவிடுவார்: "வரிசையாக நில்லுங்கள்!"

அந்தக் கணக்குத்துறை மாணவனை அவரிடம் அழைத்துப் போனேன். இருவரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதத்திலிருந்து அவன் சனிக்கிழமைகளில் வந்து எங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பின்னமும் விழுக்காடும் சொல்லிக்கொடுக்கிறான். லாப ஈவு என்றால் என்ன என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இப்போது வீட்டில் போய்த் தகப்பனுக்கு விளக்குகிறார்களாம். கடந்த இரண்டு சனிக்கிழமை அவன் வரவில்லை. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கிறார்கள் என்றான். "அண்ணன் எங்கே டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டதை அவனுக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.