வேரடியில் ஒரு வேலை நிறுத்தம்!

விடியுமுன்னே கம்பத்திலும் போடியிலும் தேவாரத்திலும் ஜீப்புகள் நிரம்புகின்றன. கையில் தூக்குச் சட்டி, கண்ணில் தூக்கம். மெட்டு ஏறி இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள் நம் பள்ளத்தாக்கின் உழைப்பாளிகள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் பறித்த காய் போடி ஏலச்சந்தையில் பணமாகிறது. பணம் முதலாளியின் பெட்டிக்கு. தோட்டத்து நஞ்சு யார் மூச்சுக்கு? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

ஏலச்செடியின் கொடிய பகை வேர்ப்புழு. மண்ணுக்குள் ஒளிந்திருந்து வேரைத் தின்கிறது. இலை மஞ்சளாகிறது, செடி நலிகிறது. அதைக் கொல்லத் தூவப்பட்டது போரேட் என்னும் குருணை மருந்து. உலக சுகாதார நிறுவனம் மிகக் கொடிய நஞ்சுகளின் வரிசையில் வைத்தது அது! 2020 டிசம்பர் 31 முதல் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது. நல்லது. ஆனால் ஒரு நஞ்சுக்குத்தானே தடை? வேறு நஞ்சுகள் கடையில் இருக்கின்றனவே!

வேறு வழி இல்லையா? உண்டு. இடுக்கி மைலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் அதைக் காட்டியிருக்கிறது. பூச்சியைத் தாக்கும் நூற்புழு ஒன்று உண்டு. வாழை வேரைக் கெடுக்கும் நூற்புழு அன்று இது, பயிரைத் தொடாதது. இதன் குடலில் குடியிருக்கிறது ஒரு பாக்டீரியா. நூற்புழு வேர்ப்புழுவின் உடலுக்குள் நுழைந்து அந்தப் பாக்டீரியாவை அதன் இரத்தத்தில் விடுகிறது. ஓரிரு நாளில் வேர்ப்புழு சாகிறது. உடல் செங்கல் நிறமாகிறது. அந்தப் பிணத்திலேயே நூற்புழுக்கள் பெருகி, ஆயிரக்கணக்கில் வெளியேறி, அடுத்த இரையைத் தேடுகின்றன.

நுழைபவன் ஒருவன், வீழ்த்துபவன் ஒருவன். தனித்தனியே நின்றால் இருவருக்கும் வாழ்வில்லை. இயற்கை நடத்தும் தொழிற்சங்கம் அன்றோ இது! வேரை அரிக்கும் வேலை அங்கே நின்றுபோகிறது.

இது மந்திரமன்று. மண்ணில் ஈரம் வேண்டும்; வெயில் தாழ்ந்து இட வேண்டும்; உயிருள்ள சரக்காதலால் பழசாகாமல் வந்து சேர வேண்டும். "இவ்வளவு தொல்லை எதற்கு? நஞ்சே எளிது" என்பார் தோட்டக்காரர். எளிதுதான், தூவுகிற கை அவருடையதாக இல்லாதவரை!

எனவே நாம் கேட்போம்: இரு மாநில அரசுகளும் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் இதை உற்பத்தி செய்து சிறு விவசாயிக்கும் கிடைக்கச் செய்யட்டும். நஞ்சு தெளிக்கும் நாள்வரை, 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்லும் கையுறையும் காப்புடையும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வரட்டும். இது சலுகையன்று, சட்டம்!

செடியின் வேரைக் காக்கத் துடிப்போரே, அதை வளர்ப்பவளின் உயிரையும் காத்திடுங்கள்!