பனிமானும் லைக்கனும்

நம் வீட்டுக் குழம்பில் மணக்கும் கல்பாசி உண்மையில் பாசியன்று. லைக்கன் என்னும் உயிர்வகையைச் சேர்ந்தது. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில் தரையில் வளரும் ஒரு லைக்கனையும், அதைத் தின்று குளிர்காலத்தைக் கழிக்கும் பனிமானையும் விஞ்ஞானிகள் எவ்வாறு வகைப்படுத்துகின்றனர் என்று பார்ப்போம்.

பனிமானுக்கு விலாசம் சொல்வது எளிது. முதுகெலும்புள்ள பாலூட்டி; இரட்டைக் குளம்பு; மான் குடும்பம். மான்களில் பெண்ணுக்கும் வழக்கமாகக் கொம்பு முளைப்பது இதற்கு மட்டுமே. பெயர் ரான்ஜிஃபர் டாராண்டஸ். பனியைக் குளம்பால் கிளறி இது மேயும் சாம்பல் நிற லைக்கனோ கிளாடோனியா ரான்ஜிஃபெரினா. மானின் பெயர் தீனிக்கும் ஒட்டிக்கொண்டது!

ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார்? 1867-ல் சுவிட்சர்லாந்து நாட்டுத் தாவர இயலார் ஷ்வெண்டனர், லைக்கன் தனி உயிரன்று, பூஞ்சக்காளானும் பாசியும் கூடி நடத்தும் குடித்தனம் என்றார். அத்துறையில் பழுத்தவர்கள் பலர் வெகுண்டனர். இன்று அதுவே பாடம். பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. காளான் இடமும் ஈரமும் தருகிறது. எனினும் சர்வதேசப் பெயர் விதிகளின்படி லைக்கனின் பெயர் காளானையே சேரும். பாசிக்கு வேறு பெயர். உலை வைப்பவள் பெயர் வீட்டுப் பத்திரத்தில் இல்லாத கதைதான்.

அழியும் உயிர்களைக் குறிக்கும் சிவப்புப் பட்டியல் 1964-ல் தொடங்கியது. மூன்று தலைமுறைகளில் சுமார் 40 சதவிகிதம் குறைந்ததால், 2015-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் பனிமான் 'அழிவாய்ப்புள்ள இனம்' ஆயிற்று. மானை விமானத்திலிருந்தே தலை எண்ணிவிடலாம். மெத்தைபோல் படர்ந்த லைக்கனில் ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது? அதற்குத் தலைமுறை எத்தனை ஆண்டு? இவற்றுக்கு விடை காணாமல் பட்டியலில் சேர்ப்பது கடினம். 2003-ல் அதில் இடம்பெற்ற லைக்கன்கள் இரண்டே. ஒன்று, ஃபுளோரிடாவின் மணற்பாங்கான புதர்க்காடுகளில் வளரும் கிளாடோனியா பெர்ஃபொராட்டா; மேற்சொன்னதன் நெருங்கிய சொந்தம். பாலூட்டிகளில் பெரும்பாலானவை மதிப்பிடப்பட்டுவிட்டன; ஏறத்தாழ 20,000 லைக்கன் இனங்களில் இன்றும் மிகச் சிலவே. மற்றவை நலமாயிருப்பதாக நாம் எண்ணிக்கொள்வதற்கு இல்லை.

இந்த லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். மேய்ந்து தீர்த்த இடம் தேறப் பல்லாண்டு ஆகும். இப்போது தட்பவெப்பமும் மாறிவருகிறது. 2013 நவம்பரில் சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் பனிமேல் மழை பெய்து பாறைபோல் உறைந்தது. அடியிலிருந்த தீனியைக் குளம்பு எட்டவில்லை. அந்தக் குளிர்காலத்தில் நேனெட்ஸ் மேய்ப்பர்களின் மந்தைகளில் சுமார் 61,000 பனிமான்கள் பட்டினியால் மடிந்தன.