வால் ஆடுது... விலகிப் போங்க! கன்டெய்னர் டிரெய்லர் "தாண்டவம்" ஏன்?

எண்ணூர் நெடுஞ்சாலை. மாலை நேரம். தூறல். வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகிறீர்கள். பக்கத்திலே ஒரு கன்டெய்னர் டிரெய்லர். குறுக்கே மாடு வர, டிரைவர் அழுத்திப் பிரேக் போடுகிறார். முன்பக்கம் நேராகத்தான் போகிறது. ஆனால் பின்பக்கம் உங்களை வாரிக்கொண்டு வருகிறது!

"குடிச்சிட்டு ஓட்டுறான்யா!" என்று திட்டுவோம். எல்லா நேரமும் அது நியாயமில்லை. வண்டி கிளம்பும் முன்பே, சரக்கு ஏற்றிய இடத்திலேயே வினை ஆரம்பித்திருக்கலாம்.

சென்னை துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கியது 1983 டிசம்பரில். அன்று முதல் திருவொற்றியூர், எண்ணூர், மணலிவாசிகளுக்கு இந்த ராட்சத வண்டிகளோடுதான் பிழைப்பு.

ஒரே ஒரு முளை!

டிரெய்லர் இரண்டு துண்டு. முன்னே எஞ்சின் வண்டி. பின்னே 20 அடி அல்லது 40 அடி பெட்டியைச் சுமக்கும் நீள வண்டி. இரண்டையும் இணைப்பது 'கிங் பின்' என்ற ஒரே முளை. அதைச் சுற்றிப் பின்வண்டி இப்படியும் அப்படியும் திரும்பும். அதை நேராக இழுத்து வைப்பது பின் டயர்களின் பிடிப்பு. பிடிப்பு விட்டால் வால் ஆடும்!

மளிகைக் கடைக்காரர்களுக்கு இது தெரியும். சைக்கிள் கேரியரில் மூட்டையைப் பின்னால் தள்ளி வைத்தால் முன் சக்கரம் லேசாகி, ஹாண்டில்பார் ஆடும். முன்னே இழுத்துக் கட்டினால் அடங்கிவிடும். இங்கேயும் அதே கதைதான். பாரம் பின்னால் குவிந்தால் எஞ்சின் வண்டியின் சக்கரங்கள் ரோட்டை அழுத்திப் பிடிக்காது. ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வளைவில் வண்டியே கவிழும்.

பெட்டியின் ஒரு பாதியில் மொத்தச் சரக்கில் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது கன்டெய்னர் தொழிலில் உள்ள கணக்கு. கப்பல் ஏறும் பெட்டியை எடை போட்டுச் சான்று தரவேண்டும் என்ற சர்வதேச விதி 2016 ஜூலையில் வந்தது. நல்லதுதான். ஆனால் மொத்த எடையைச் சொல்லும் சான்று, பாரம் எந்த மூலையில் கிடக்கிறது என்று சொல்லாதே!

பூட்டிய பெட்டியைத்தான் டிரைவர் வாங்கிப் போகிறார். உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கிடங்கில் அவசர அவசரமாக ஏற்றுபவரின் தவறுக்கு ரோட்டில் போகிறவன் தலை கொடுக்க வேண்டுமா?

காலி வண்டி சாதுவா?

இல்லவே இல்லை! பாரம் இல்லாத டிரெய்லர் குதித்துக் குதித்துப் போகும். பிரேக் போட்டால் சக்கரம் சட்டென்று இறுகி வழுக்கும். மழையில் கேட்கவே வேண்டாம். காலி வண்டிதானே என்று விரட்டுவது விபரீதம்.

டிரைவர் அண்ணன்மார்களே!

கிளம்பும் முன் கிங் பின் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெட்டியின் நான்கு மூலைப் பூட்டுகளையும் போடுங்கள். மூன்று போதாது. டயரில் காற்று, கட்டை எல்லாம் பாருங்கள்.

வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் போனபின் பிரேக் வேண்டாம். பிரேக் போட்டதும் கண்ணாடியில் வால் விலகுவது தெரிந்தால் பிரேக்கை விடுங்கள். சக்கரம் உருண்டால்தான் பிடிப்பு திரும்பும். ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள்.

லாரிக்குப் பின்னால் ஜெனரேட்டர் கட்டி இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டே சக்கரம் உள்ள வண்டி என்றால், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். 1,000 கிலோ என்றால் 100 முதல் 150 கிலோ. அது குறைந்தால் வேகத்தில் ஆட்டம் நிச்சயம். ஆட ஆரம்பித்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

நாம் என்ன செய்வது?

டிரெய்லரை ஒட்டி ஓட்டாதீர்கள். அது இடது பக்கம் திரும்பும்போது இடுக்கில் நுழையவே நுழையாதீர்கள். பின் சக்கரம் முன் சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே ஒடுங்கி வரும்!

இரண்டு நிமிஷம் தாமதமானால் முதலாளி திட்டுவார். திட்டட்டும். வீட்டிலே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்!