லயத்து அறையும் இல்லத்தின் எழிலும்

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை என்னும் இரண்டு மாவட்டங்களைக் கொண்டது. முன்னதில் தேயிலை, பின்னதில் இறப்பரும் கரும்பும். உயரத்தாலும் காற்றாலும் மழையாலும் ஒன்றுக்கொன்று மாறுபட்ட இவ்விரு நிலங்களிலும், தோட்டத் தொழிலாளருக்கெனக் கட்டப்பட்ட குடியிருப்பு மட்டும் ஒரே அச்சில் வார்த்தெடுத்தது போன்றது. நீண்டதொரு கட்டடம், அதனைக் குறுக்குச் சுவர்களால் பல அறைகளாகப் பிரித்திருப்பர். பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஓர் அறையும், அதன் முன்னே ஒரு சிறு தாழ்வாரமுமே ஒரு குடும்பத்தின் பங்கு. 19ஆம் நூற்றாண்டில், கோப்பிப் பயிர்க் காலத்தில், சில மாதங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பும் ஆள்களுக்கென ஏற்பட்ட அமைப்பு இது. 1869ஆம் ஆண்டளவில் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆதலின் குடும்பங்கள் நிலைத்துத் தங்கின. மனிதர் நிலைத்துவிட்டனர், கட்டடம் மட்டும் வந்துபோவோர் கொட்டகையாகவே நின்றுவிட்டது.

இக்குடியிருப்பின் பெயர்களையும் சற்றே உற்று நோக்கலாம். லயம் என்பது ஆங்கிலச் சொல்லின் திரிபு. அறையைக் குறிக்கும் காம்பராவும், யன்னலும், குசினியும் போர்த்துக்கேயர் தந்தவை. முன் தாழ்வாரமாகிய இஸ்தோப்பு ஒல்லாந்தர் விட்டுச் சென்றது. கட்டடம் முழுவதும் பிறர் சொற்களால் ஆனது. உள்ளே இருக்கும் அடுப்பும் அம்மியும் விளக்கும் பாயுமே தமிழ். கட்டடத்தை அமைத்தவர் யார், அதனை வீடாக்கியவர் யார் என்பதை இச்சொற்களே பிரித்துக் காட்டிவிடுகின்றன.

120 சதுர அடிக்குள் தாய் தந்தையரும், பிள்ளைகள் மூவரும், முதியவர் ஒருவரும் வாழ்வதென்றால், அங்கே அழகைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் வினவுவர். வேறு சிலர் இன்னும் ஒரு படி சென்று, லயத்தைச் செப்பனிட்டு அழகுபடுத்தினால், "மக்கள் மனநிறைவோடுதானே இருக்கின்றனர்" என்று சொல்லித் தனி வீடு தரும் கடமையைத் தட்டிக்கழிக்க அது வழிவகுக்கும் என்பர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும், வீடு வரும்வரை பிள்ளையின் வயது காத்திருப்பதில்லை. பத்தாம் வகுப்பில் பயிலும் ஒரு பெண் உடைமாற்றுவதற்கும், ஒரு மணி நேரம் அமைதியாக இருந்து படிப்பதற்கும் இவ்வாண்டு வேண்டிய இடம் இவ்வாண்டே வேண்டும். எனவே வீட்டுரிமைக் கோரிக்கையையும் இன்றைய அறையின் சீரமைப்பையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துதல் தகாது.

சீரமைப்பு புகையிலிருந்து தொடங்க வேண்டும். கவ்வாத்து மிலாறு நல்ல விறகுதான். மழைக்காலத்தில் ஈரத்தோடு எரியும்போது அதன் புகை கண்ணையும் நெஞ்சையும் கெடுக்கும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயங்களில் பின்சுவரில் யன்னலுக்கு இடமில்லை. முன்வாயிலால் புகும் காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே சுழல்கிறது. சூடேறிய புகை மேல்நோக்கியே செல்லும் ஆதலின், கூரைக்கு அண்மையில் ஒரு திறப்பு இருந்தாலன்றிக் கீழே எத்தனை கதவைத் திறந்தும் பயனில்லை. 1980களில் இலங்கையில் உருவான 'அனகி' என்னும் களிமண் அடுப்பு இங்கே பெரிதும் உதவும். ஒரே வார்ப்பில் அமைந்த அதன் முன்வாயில் பெரிய பாத்திரமும், பின்வாயில் சிறிய பாத்திரமும் ஒரே தீயில் வேகும். அடுப்பைச் சுற்றிக் களிமண் அணைத்துப் பூசிவிட்டால் வெப்பம் சிதறாது. மூன்று கல் அடுப்பைவிட விறகும் குறையும், புகையும் குறையும். விறகு சுமந்து மலையேறும் பெண்ணுக்கு இதன் மதிப்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சமையலிடம் சிறிதாக இருப்பதே குறையன்று. ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, 1926இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் கட்டடக்கலைஞர் அமைத்த சமையலறையின் அளவு 1.9 மீற்றருக்கு 3.4 மீற்றர், அதாவது ஏறக்குறைய 70 சதுர அடி. ரெயில் வண்டியின் உணவுப் பெட்டியில் சமைப்போர் இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் எட்டி எடுப்பதைக் கண்டு, அவர் அம்முறையை வீட்டுக்குக் கொணர்ந்தார். லயத்துக் குசினிக்கும் அதே விதி பொருந்தும். அரிசி, மிளகாய், உப்பு ஆகியவை அடுப்பின் முன் அமர்ந்தவர் கைக்கு எட்டும் உயரத்தில், ஒற்றைப் பலகைத் தட்டில் இருக்கட்டும். என்றாவது ஒருநாள் எடுக்கும் பெரிய அண்டாவும் பொங்கற் பானையும் பரண்மீது ஏறட்டும்.

அடுத்தது கூரை. ஹப்புத்தளை ஏறத்தாழ 4,700 அடி உயரத்தில் இருக்கிறது. மொனராகலை நகரோ கடல் மட்டத்திலிருந்து சில நூறு அடியே உயர்ந்தது. தகரக் கூரை முன்னதில் இரவின் குளிரை அப்படியே கீழே இறக்கும். விடியற்காலையில் தகரத்தின் அடிப்புறத்தில் நீர்த்துளி கோத்துப் படுக்கைமேல் சொட்டும். பின்னதில் அதே தகரம் நண்பகலில் அடுப்பு மூடியாகிவிடும். இருவகை இடருக்கும் மருந்து ஒன்றே: கூரைக்கும் அறைக்கும் இடையே ஒரு காற்றடுக்கு. மூங்கிற் சட்டத்தில் பாயையோ, தோய்த்துலர்த்திய சாக்கையோ இழுத்துக் கட்டி, கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி விட்டால், குளிரும் வெயிலும் தணியும்; மழையின் பேரிரைச்சலும் அடங்கும். ஆனால் அடுப்பிருக்கும் பகுதியில் இவ்வாறு கட்டுதல் கூடாது, தீப்பொறி பறக்கும். மொனராகலைப் பக்கத்தில் கோடை தொடங்குமுன் தகரத்தின் மேற்புறத்துக்குச் சுண்ணாம்பு பூசினால் வெயிலின் பெரும்பகுதி திரும்பிவிடும். முன்புறப் பந்தலில் புடலையோ பாகலோ ஏற்றினால் நிழலும் கிடைக்கும், கறியும் கிடைக்கும். கூரை அஸ்பெஸ்டஸ் தகடாயின், அதனைத் துளைக்கவோ, அறுக்கவோ, பாசியைச் சுரண்டவோ கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்கு நஞ்சு.

சுவரைப் பற்றி ஒரு சொல். பழைய கற்சுவர்கள் நிலத்து ஈரத்தை உறிஞ்சுபவை. அவற்றின்மேல் பளபளப்பான எண்ணெய் வர்ணம் பூசுவோர் ஓராண்டுக்குள் அது கொப்புளித்து உரிவதைக் காண்பர். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழி தேடுவதே அதன் காரணம். சுண்ணாம்போ ஈரத்தைத் தடுப்பதில்லை; சுவர் மூச்சுவிட இடமளிக்கிறது. சுவரை முதலில் நீரால் நனைத்து, நீர்த்த சுண்ணாம்பை இரண்டு மூன்று முறை மெல்லெனப் பூசுவதே சிறந்தது. ஊவாவுக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. எனவே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் உட்சுவரைப் பூசிக்கொண்டு, புறச்சுவரை மாசி மாதத்துக்கு விட்டுவைப்பது உழைப்பை மிச்சப்படுத்தும். அலுமாரியையும் பெட்டியையும் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளியில் வைத்தால், பூஞ்சணம் பிடித்துத் துணி கெடுவது நிற்கும்.

இனி இடம். ஒரே அறை, காலையில் உண்ணுமிடமாகவும், மாலையில் படிப்பிடமாகவும், இரவில் பள்ளியறையாகவும் மாறியாக வேண்டும். ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக இவ்வாறே வாழ்ந்தனர். இரவில் விரித்த மெத்தையை விடிந்ததும் மடித்துச் சுவரலுமாரிக்குள் வைத்துவிட்டால், படுக்கையறை வரவேற்பறையாகிவிடும். நம்மவர் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவதும் அதே அறிவின் பயனே. அண்மைக் காலத்தில் தவணைக் கடனுக்கு வாங்கும் பெருங்கட்டிலும் சோபாவும் இவ்வறிவைக் கெடுத்துவிட்டன. 120 சதுர அடியில் 35 சதுர அடியை ஒரு கட்டில் பகல் முழுவதும் வீணே பிடித்திருப்பது நியாயமன்று. முதியவருக்குக் கட்டில் வேண்டுமெனில் அதனைச் சற்று உயர்த்தி, கீழே தகரப் பெட்டிகளை அடுக்கலாம். சுவரோடு கீல் பொருத்திய பலகை ஒன்று, தூக்கி நிறுத்தினால் படிப்பு மேசை, இறக்கிவிட்டால் இல்லை. வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்புறத்தில் இருக்கட்டும்; எழுதும் கையின் நிழல் தாளில் விழாது. மறைப்புக்குக் கனத்த துணி தேவையில்லை. பழைய சேலை இரண்டு மடிப்பாகத் தொங்கினால் போதும். கூரைவரை எட்டாமல் ஆள் உயரத்தோடு நின்றால் காற்றும் ஒளியும் மேலே உலவும்.

அழகு பெரும்பாலும் குறைப்பதில் இருக்கிறது. ஆண்டுதோறும் கடைக்காரர் தரும் நாட்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவர் முழுவதும் தொங்கும் வீடுகள் பல. தெய்வப் படங்களை ஓரிடத்தில், விளக்கோடு சேர்த்து வையுங்கள். குடும்பப் படம் ஒன்று, வாயிலுக்கு எதிரே இருக்கட்டும். மீதியைச் சுவருக்கே விட்டுவிடலாம். வெறுஞ் சுவர் சிறிய அறையைப் பெரிதாகக் காட்டும். வாயிலை நோக்கிய கண்ணாடி பகலொளியை உள்ளே திருப்பும். திரை, தலையணையுறை, மேசைவிரிப்பு ஆகிய மூன்றும் ஒரு நிறத்தின் சாயல்களாக அமைந்தால் செலவின்றியே ஒழுங்கு தோன்றும். முன்னாளில் வானொலிப் பெட்டிக்கென ஒரு தட்டு அடித்து, அதன்மேல் பூவேலைத் துணி விரித்து, பெட்டிக்கும் ஓர் உறை தைத்துப் போட்ட பெண்களின் கைவேலையைக் கண்டோர் இதனை உணர்வர். அவ்வறையில் விலை உயர்ந்த பொருள் அது ஒன்றே. அதற்கு அவர்கள் அளித்த மரியாதை அறை முழுவதற்கும் பரவியது. இஸ்தோப்பின் ஓரத்தில் பழைய பால்மாத் தகரங்களில் வளரும் செவ்வந்தியும் அத்தகையதே.

தம் வீடு எவ்வாறு இருக்க வேண்டும் என்று வாழ்வோரைக் கேட்டறிதல் இந்நாட்டில் புதிதன்று. இலங்கையின் முதற் பெண் கட்டடக்கலைஞரான மினெட் டி சில்வா, 1950களில் கண்டி வட்டாபுலுவை வீடமைப்புத் திட்டத்தை வரையுமுன், அங்கு குடியேறவிருந்த அரச ஊழியர் குடும்பங்களின் தேவைகளைக் கேட்டறிந்தார். லயங்களில் வாழ்ந்தோரை அக்காலத்தில் எவரும் அவ்வாறு கேட்டதாகத் தெரியவில்லை.

தனி வீடுகள் இப்போது மெல்ல எழுகின்றன. 7 பேர்ச்சஸ் நிலமும் அதில் ஒரு வீடும் என்னும் திட்டம் 2015க்குப் பின் வேகம் பெற்றது. இந்திய உதவியில் மத்திய, ஊவா மாகாணங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவற்றின் அளவு ஏறத்தாழ 550 சதுர அடி. பழைய அறையைப் போல் நான்கரை மடங்கு. 7 பேர்ச்சஸ் என்பது சுமார் 1,900 சதுர அடியாதலால், வீடு போக மீதியில் தோட்டத்துக்கும் இடமுண்டு. குளிர்ப் பகுதியில் சௌசௌப் பந்தலும், மொனராகலையில் முருங்கையும் தேசியும் அங்கே நன்கு வளரும்.

ஆனால் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் மலைச்சரிவை வெட்டி முற்றத்தை அகலப்படுத்துவோர் உளர். இது உயிரோடு விளையாடுவதாகும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அபாய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தும், போக வேறு இடமின்றி அம்மக்கள் அங்கேயே இருந்தனர். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, திடீரென மூட மறுக்கும் கதவு, சாய்ந்து நிற்கும் மரம், தெளிந்து ஓடிய பீலி நீர் சேறாக மாறுதல் ஆகிய இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், மழைக்காலத்தில் உடனே வெளியேறுவதே முறை. கூரைநீரைப் பின்மேட்டில் ஊறவிடாமல் காண் அமைத்து இறக்குவது, வீட்டுக்குச் செய்யும் எந்த அலங்காரத்துக்கும் முந்தியது.

இன்னுமொன்று உண்டு. லயத்தில் வாழ்ந்தோருக்கு நெடுங்காலம் தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வரும். அங்கிருந்து கைமாறி வருமுன் நேர்முகப் பரீட்சை நாள் கடந்துபோன இளைஞர் பலர். ஆகையால், வீட்டிலக்கம் பெற்றவர் அதனைச் சிறு பலகையில் எழுதி மாட்டுவதைத் தள்ளிப்போடலாகாது. வெள்ளைப் பின்புலத்தில் கறுப்பெழுத்து தூரத்திலிருந்தே தெரியும். முதல் வரியில் இலக்கம், அடுத்த வரியில் குடும்பத் தலைவி, தலைவன் இருவர் பெயரும், அதன்கீழ் தோட்டமும் பிரிவும். மழை படாதபடி கூரையோரத்தின் கீழ், தபாற்காரர் சைக்கிளிலிருந்து இறங்காமலே படிக்கக்கூடிய உயரத்தில் அது இருக்கட்டும்.