மடிநோய்க் கிருமியை நிறுத்தறியும் இயந்திரம்

கறவைப் பசுவின் மடி ஒரு பக்கம் வீங்கிச் சூடு கண்டு, பாலில் திரிதிரியாகக் கட்டி விழத் தொடங்கினால், அது மடிநோய் என்று ஆலங்காயத்துச் சுற்றுப்புறக் குடியானவர் எவரும் அறிவர். ஆயினும் பலர் அடுத்துச் செய்வது யாதெனில், சென்ற தடவை வாங்கி மிஞ்சிய ஊசிமருந்தையே இத்தடவையும் போடச் செய்வதாகும். இரண்டு நாளில் வீக்கம் தணிந்தால் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். தணியாவிடில் வேறொரு மருந்து. இவ்வாறு மருந்துகள் மாறி மாறி ஏறுவதற்குள் காம்பு ஒன்று அடியோடு வற்றிப்போவதுண்டு. மூன்று காம்புப் பசு சந்தையில் என்ன விலை போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இந்நோய் ஒரே கிருமியால் வருவதன்று. ஸ்டாபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஈ.கோலி முதலிய பல ஜாதிகள் மடியில் புகுகின்றன. ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றைத் தொடுவதில்லை. அன்றியும், மருந்தை அரைகுறையாகக் கொடுத்தால் பலங்குறைந்த கிருமிகள் மாண்டு, தாங்கவல்லவை மிஞ்சிப் பெருகும். இவற்றுள் சில, மருந்தையே சிதைத்துவிடும் நொதியை உண்டுபண்ணுகின்றன.

கிருமி இன்னதென்று அறிய, பாலைத் தட்டில் இட்டு ஒரு நாள் வளர்த்து, பின்னும் பல ரசாயன பரீக்ஷைகள் செய்வதே பழைய முறை. இப்பொழுது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில், மனிதரின் நோய்க்கிருமிகளை அறிய ‘மால்டி-டாஃப்’ என்னும் இயந்திரம் கையாளப்படுகிறது. தட்டில் வளர்ந்த கிருமியில் சிறிது எடுத்து எஃகுத் தகட்டில் தடவி, ஒளியை உறிஞ்சும் ஒரு திராவகத்தை அதன்மேல் விட்டு உலர்த்தி, காற்றற்ற குழாயினுள் வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவார்கள். கிருமியின் புரதங்கள் மின்னேற்றம் பெற்றுக் குழாயில் பறக்கும். இப்பக்கத்து எருதுவிடும் விழாவில், குறித்த தூரத்தை எருது எத்தனை விநாடியில் கடந்தது என்று கணக்கெடுப்பதை அனைவரும் கண்டிருப்பர். இங்கும் அதே கணக்குத்தான். லேசானது முந்தும், கனமானது பிந்தும். வந்து சேர்ந்த நேரங்களைக் கொண்டு எடைகளின் வரிசை கிடைக்கிறது. ஒவ்வொரு ஜாதிக்கும் அவ்வரிசை வேறாகையால், சேர்த்துவைத்த பட்டியலோடு ஒப்பிட்டுச் சில நிமிஷங்களில் பெயர் சொல்லிவிடலாம். புரதங்களைச் சிதையாமல் இவ்வாறு பறக்கச்செய்யும் வழிக்காக ஜப்பானியரான கோயிச்சி தனாகா 2002-ம் வருஷத்து ரசாயன நொபெல் பரிசில் பங்கு பெற்றார்.

மருந்தைச் சிதைக்கும் கிருமியையும் எடையே காட்டிக்கொடுக்கும். ஆம்பிசிலின் மருந்தின் மூலக்கூற்று எடை 349. கிருமியையும் மருந்தையும் கலந்து சில மணி நேரம் வைத்தால், நொதியால் உடைந்த மருந்து 18 எடையுள்ள நீரைச் சேர்த்துக்கொண்டு 367 ஆகிறது. 349 குறைந்து 367 தோன்றினால் அம்மருந்தால் பிரயோஜனமில்லை. ஆனால் மருந்தை உட்புகவிடாமலோ, புகுந்ததை வெளித்தள்ளியோ தப்பும் கிருமிகளை இவ்வழியில் கண்டுகொள்ள இயலாது. அவற்றுக்கு, மருந்துவில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்க்கும் பழைய பரீக்ஷையே வேண்டும்.

கிராமக் கால்நடை மருந்தகத்தில் இவ்வியந்திரத்தை எதிர்பார்க்க முடியாது, விலை அத்தகையது. ஆயினும் இயந்திரமானாலும் தட்டானாலும் விதி ஒன்றே: மாதிரிப்பாலை முதல் ஊசிக்கு முன்னமே எடுக்கவேண்டும். மருந்து ஏறிய மடியின் பாலில் கிருமி தட்டில் வளராமலே போகலாம். மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியைச் சாராயப் பஞ்சால் துடைத்து, முதல் சில பீச்சுகளைக் கழித்துவிட்டு, வெந்நீரில் கொதிக்கவைத்து ஆற்றிய குப்பியில் கை படாமல் பீச்சி, பனிக்கட்டியில் வைத்து அன்றே கால்நடை உதவி மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும்.

அவர் குறிக்கும் நாள்வரை மருந்தை நிறுத்தலாகாது. அவர் சொல்லும் நாள்வரை அப்பாலைச் சங்கத்தில் ஊற்றவும் கூடாது. கோழி வளர்ப்போர் கவனிக்க: உணவுக்கான பிராணிகளுக்கும் தீவனத்துக்கும் கோலிஸ்டின் மருந்தை விற்பதை மத்திய சர்க்கார் 2019-ம் வருஷம் ஜூலை மாதத்தில் தடைசெய்துள்ளது. மாதிரிக் குப்பியின்மேல் பசுவின் அடையாளம், எக்காம்பு, எடுத்த தேதி, முன்பு போட்ட மருந்தின் பெயர் ஆகியவற்றை மறைக்காமல் எழுதி ஒட்டுக.