எந்தப் பிரிவில் எடுத்த ஓட்டம்?

நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் ரஞ்சிக் கோப்பை ஆட்டம் நடைபெறும் நாள்களில் திண்டுக்கல் தேநீர்க் கடைகளில் இரண்டு வழக்குகள் தவறாமல் விசாரணைக்கு வரும். தமிழ்நாட்டை ஏன் இந்தப் பிரிவில் போட்டார்கள் என்பது முதல் வழக்கு. இத்தனை ஓட்டங்கள் குவித்தவனைத் தேர்வாளர்கள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பது இரண்டாவது. வாதாடுகிறவர்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே நடத்துகிறார்கள். ஆனால் முதல் வழக்கைத் தீர்க்காமல் இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுத இயலாது. ஏன் இயலாது என்பதை இயற்பியலின் துணையோடு காண்போம்.

முதலில் பிரிவுகளின் கதை. 1934-35 இல் தொடங்கிய ரஞ்சிப் போட்டி நெடுங்காலம் மண்டல முறையிலேயே நடந்து வந்தது. தமிழ்நாடு, கர்நாடகம், ஐதராபாத், ஆந்திரம், கேரளம் ஆகியவை தென்மண்டலத்தில் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும். 2002-03 இல் மண்டலங்களைக் கலைத்து, வலிமை மிக்க அணிகளை 'எலைட்' என்றும் மற்றவற்றை 'பிளேட்' என்றும் இரு தட்டுகளாகப் பிரித்தார்கள். 2018-19 இல் சிக்கிம், உத்தராகண்ட், மேகாலயம், புதுச்சேரி முதலியவற்றோடு, நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்பிய பீகாரையும் சேர்த்து ஒன்பது அணிகள் ஒரே சமயத்தில் உள்ளே வந்தன. மொத்தம் 37 ஆயிற்று. ஒன்பதும் பிளேட் பிரிவில். மற்ற 28 அணிகள் எலைட்டின் ஏ, பி, சி பிரிவுகளில். அவ்வாண்டு கர்நாடகம் ஏ பிரிவுக்கும் தமிழ்நாடு பி பிரிவுக்கும் போய்விட்டதால் லீக் கட்டத்தில் இரண்டும் சந்திக்கவேயில்லை. அடுத்த ஆண்டு இரண்டையும் பி பிரிவில் சேர்த்தார்கள். 2019 டிசம்பரில் நத்தத்திலேயே மோதின. கர்நாடகம் 26 ஓட்டங்களில் வென்றது. கிருஷ்ணப்பா கௌதம் இரண்டாம் இன்னிங்ஸில் 60 ஓட்டங்கள் கொடுத்து 8 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தோற்றாலும் பரவாயில்லை, பழைய எதிரி மீண்டும் கிடைத்தானே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு.

இந்தப் பிரிவுச் சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்தில் (அது கையால் எறிந்தும் ஓடியும் ஆடும் அவர்கள் நாட்டுக் கால்பந்து) அணிகள் 'கான்பரன்ஸ்' எனப்படும் குழுமங்களாகப் பிரிந்து ஆடுகின்றன. 2024 இல் அங்கே ஒரு பெரிய இடமாற்றம் நடந்தது. பசிபிக் கரையோரத்திலுள்ள ஸ்டான்போர்டும் கலிபோர்னியாவும் 'அட்லாண்டிக் கரை' குழுமத்தில் போய்ச் சேர்ந்தன. 'பெரிய பத்து' என்று பெயர் கொண்ட குழுமத்தில் பதினெட்டு கல்லூரிகள் ஆயின. அங்கேயும் தேநீர்க் கடை வழக்குகள் இவை இரண்டுதாம்.

இனி இரண்டாம் வழக்குக்கு வருவோம். 2018-19 பருவத்தில் சிக்கிம் அணிக்காக ஆடிய மிலிந்த் குமார் 8 ஆட்டங்களில் 1331 ஓட்டங்கள் எடுத்தார், சராசரி 121. ஒரு ரஞ்சிப் பருவத்தில் வி.வி.எஸ். லட்சுமண் 1999-2000 இல் எடுத்த 1415 என்ற சாதனைக்கு 84 மட்டுமே குறைவு. அதே பருவத்தில் பீகாரின் அசுதோஷ் அமன் 68 விக்கெட்டுகளை, விக்கெட்டுக்கு ஏழு ஓட்டங்கள்கூடக் கொடுக்காமல் வீழ்த்தினார். 1974-75 இல் பிஷன் சிங் பேடி நிறுவிய 64 விக்கெட் சாதனை அவரால் முறிந்தது. இருவரும் ஆடியது பிளேட் பிரிவில். எனவே, "அது சின்னப் பையன்களோடு ஆடிய ஆட்டம்" என்று ஒரு கட்சி, "ஓட்டம் ஓட்டம்தானே, புல்லில் விளையுமா?" என்று மறு கட்சி.

இங்கே ஒரு சோதனை. 1.5 வோல்ட் டார்ச் மின்கலம் ஒன்றை மேசையின் ஒரு கோடியிலும், 9 வோல்ட் மின்கலம் ஒன்றை மறுகோடியிலும் வையுங்கள். இரண்டையும் எந்தக் கம்பியும் இணைக்கவில்லை. இப்போது எந்தக் கலத்தின் நேர்முனை உயர்ந்த மின்னழுத்தத்தில் இருக்கிறது? ஒன்பதுதான் பெரிது என்று சொல்லத் தோன்றும். ஆனால் வோல்ட்டுமானி காட்டும் எண் ஒரே கலத்தின் இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாடேயன்றி வேறில்லை. 9 வோல்ட் கலத்தின் நேர்முனையை 1.5 வோல்ட் கலத்தின் எதிர்முனையோடு ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். சிறிய கலத்தின் நேர்முனையே எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்கும். கம்பியை வேறு விதமாக இணைத்தால் விடையும் வேறாகும். கம்பியே இல்லையென்றால் கேள்விக்கே பொருளில்லை.

மட்டையாளரின் சராசரியும் இப்படிப்பட்ட ஒரு வேறுபாடுதான். அவர் மட்டைக்கும் எதிரே வந்த பந்துவீச்சுக்கும் உள்ள இடைவெளியை அது அளக்கிறது. ஒரு பிரிவிலுள்ள எல்லா அணிகளின் மட்டையும் பந்துவீச்சும் ஒரே அளவு தாழ்ந்து போனாலும் அந்தப் பிரிவின் புள்ளிப்பட்டியல் அப்படியே இருக்கும். பட்டியலை மட்டும் எத்தனை முறை கூட்டிக் கழித்தாலும் தட்டின் உயரம் தெரிய வராது.

இதற்கு விந்தையான சான்று ஒன்று சதுரங்கத்தில் உண்டு. ஆட்டக்காரர்களுக்குத் தரப்படும் எலோ எண்ணை நம் ஊர்ப் பிள்ளைகள் நன்கு அறிவர். அதை வகுத்த அர்பாத் எலோ அங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் மில்வாக்கி நகரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியல் பேராசிரியர். (எங்கள் துறைக்கு இதில் சற்றுப் பெருமை.) உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970 இல் அம்முறையை ஏற்றது. இதில் 400 புள்ளி குறைந்தவரை வென்றால் மிகச் சொற்பமே கூடும். அவரிடம் தோற்றால் நிறையக் குறையும். எதிரியின் தரத்தைக் கணக்கில் கொள்ளும் நல்ல முறை. ஆயினும் வர்ஜீனியா மாநிலச் சிறையிலிருந்த கிளாட் பிளட்குட் என்ற கைதி சக கைதிகளோடேயே ஓயாமல் ஆடி, 1990களில் 2700 புள்ளிகளைக் கடந்து, அமெரிக்கத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போய்விட்டார்! கணக்கில் பிழை இல்லை. சிறைக்கும் வெளி உலகுக்கும் இடையே கம்பி இல்லாததுதான் காரணம்.

ஆகவே கம்பி வேண்டும். விளையாட்டில் கம்பி என்பது பிரிவு தாண்டி நடக்கும் ஆட்டம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மேல் பிரிவில் அ, ஆ, இ என்று மூன்று அணிகள். அ அணி ஆ அணியை 40 ஓட்டங்களிலும், ஆ அணி இ அணியை 20 ஓட்டங்களிலும் வென்றன. கீழ்ப் பிரிவில் க அணி ச அணியை 90 ஓட்டங்களில் வென்றது. வெற்றியின் அளவை மட்டும் பார்த்தால் க அணியே சூரன். இப்போது ஒரு குறுக்கு ஆட்டம்: இ அணி க அணியை 50 ஓட்டங்களில் வெல்கிறது. இ அணியைச் சுழி என்று கொண்டால் ஆ 20, அ 60, க -50, ச -140. ஒரே ஆட்டத்தால் ஐந்து அணிகளும் ஒரே ஏணியில் ஏறிவிட்டன.

ஒரு கம்பி போதுமா? போதாது, ஆட்டம் என்பது தடுமாற்றம் உள்ள கருவி. இன்னொரு குறுக்கு ஆட்டத்தில் ஆ அணி ச அணியை 100 ஓட்டங்களில் வெல்வதாகக் கொள்வோம். முன்னைய கணக்கின்படி அது 160 ஆக இருந்திருக்க வேண்டும். 60 இடிக்கிறது. மூடிய மின்சுற்றில் மின்னழுத்த வேறுபாடுகளின் கூட்டல் சுழியாக வேண்டும் என்ற கிர்க்காஃப் விதி இங்கே பொய்த்தது போலத் தோன்றும். நில அளவையாளர்கள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஒரு நிலத்தைச் சுற்றி அளந்து தொடங்கிய கல்லுக்கே திரும்பும்போது சிறிது பிழை மிஞ்சினால், அதை எல்லாப் பக்கங்களுக்கும் பங்கிட்டு விடுவார்கள். நம் சுற்றில் நான்கு ஆட்டங்கள், ஆளுக்கு 15. ஆ-இ வேறுபாடு 20 லிருந்து 5 ஆகும். இ-க 50 லிருந்து 35. க-ச 90 லிருந்து 75. ஆ-ச 100 லிருந்து 115. இப்போது 5, 35, 75 மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 115 வரும். சுற்று மூடிவிட்டது.

இது விளையாட்டுக்காகச் சொன்ன கணக்கு அன்று. நூற்றுக்கும் மேற்பட்ட அமெரிக்கக் கல்லூரி அணிகள் ஒரு பருவத்தில் ஆளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள் போலத்தான் ஆடுகின்றன. பெரும்பாலானவை ஒன்றையொன்று பார்ப்பதேயில்லை. கென்னத் மாசி என்பவர் 1997 இல் கல்லூரி மாணவராக இருந்தபோது இத்தகைய சமன்பாடுகளைக் கொண்டு அவற்றை வரிசைப்படுத்தினார். பிழைகளின் வர்க்கங்களின் கூட்டலை மிகச் சிறிதாக்குவது அவர் முறை. நாம் 60 ஐ நான்காகப் பங்கிட்டதும் அதுவேதான். சாம்பியன் பட்டத்துக்கு மோத வேண்டிய இரு கல்லூரிகளை 1998 முதல் 2013 வரை தேர்ந்தெடுத்த ஏற்பாட்டில் வாக்கெடுப்புகளோடு கணிப்பொறி வரிசைகளும் சேர்க்கப்பட்டன. மாசியின் வரிசையும் அவற்றுள் ஒன்று. குழுமங்களை மாற்றி அமைக்கும்போது கம்பிகளின் வலையும் மாறுகிறது. ஆகவேதான் ரசிகர்களின் முதல் வழக்கு வெறும் பயண தூரத்தையும் பழம்பகையையும் பற்றியதாக நின்றுவிடுவதில்லை.

2018-19 ரஞ்சிக்குத் திரும்புவோம். பிளேட் பிரிவில் முதலிடம் பெற்ற உத்தராகண்ட் காலிறுதிக்கு வந்து விதர்பாவை எதிர்த்தது. 355, 159 என்று எடுத்தது. விதர்பா ஒரே இன்னிங்ஸில் 629. ஓர் இன்னிங்ஸ், 115 ஓட்டங்களில் தோல்வி. இரு தட்டுகளுக்கும் இடையே அப்பருவத்தில் இருந்த ஒரே கம்பி அதுதான். இரண்டாவது கம்பி இல்லாததால் அந்த அளவில் எவ்வளவு பிழை என்று சரிபார்க்கவும் வழியில்லை.

ஆட்டக்காரர்களும் கம்பிகள் ஆகலாம். மிலிந்த் குமாரே முன்னர் டெல்லிக்கு ஆடியவர். இரு பிரிவுகளிலும் ஆடிய பலரை எடுத்து, இங்கே என்ன சராசரி, அங்கே என்ன சராசரி என்று ஒப்பிட்டால் தட்டுகளின் உயர வேறுபாடு புலப்படும். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பலரும் அதில் விழுகிறார்கள்.

உண்மையில் 40 ஓட்டச் சராசரித் திறன் உடைய நூறு மட்டையாளர்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். யாரும் யாருக்கும் இளைத்தவரல்லர். மட்டையாளரின் ஓட்டங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வெகுவாக ஏறி இறங்குவன. அந்த ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் ஏறத்தாழச் சராசரியின் அளவே இருக்கும். ஒரு பருவத்தில் 16 முறை ஆட்டமிழந்தால், சராசரியில் அதிர்ஷ்டத்தால் நேரும் விலக்கம் 40 ஐ 16 இன் வர்க்கமூலமாகிய 4 ஆல் வகுக்க, 10 ஆகும். எனவே நூறு பேரில் ஏறத்தாழ 16 பேர் 50 க்கு மேலும், இருவர் 60 க்கு மேலும் சராசரி காட்டுவார்கள். அந்த இருவரையும் மாலையிட்டு மேல் பிரிவுக்கு அனுப்புகிறோம். அடுத்த பருவத்தில் அவர்கள் பழையபடி 40 அளவில் நிற்பார்கள். "மேல் பிரிவுப் பந்துவீச்சு நசுக்கிவிட்டது" என்று கடையில் பேச்சு எழும். பந்துவீச்சு ஒன்றும் செய்யவில்லை, அதிர்ஷ்டம் விடைபெற்றுக்கொண்டது. பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்ட பிரான்சிஸ் கால்டன் இந்தச் சராசரிக்கு மீளும் இயல்பை 1886 இலேயே எடுத்துக் காட்டினார்.

அப்படியானால் 121 உம் அதிர்ஷ்டமா? இல்லை. 40 திறனுடைய ஒருவர் 11 முறை ஆட்டமிழந்து 121 சராசரி காட்டுவது கிட்டத்தட்ட நடவாத காரியம். ஆனால் அந்தப் பிரிவில் 80 எடுக்க வல்ல ஒருவருக்கு 121 கிட்டுவது அதிசயமில்லை. விலக்கம் 24 வரை போகுமே. அந்த 80 மேல் தட்டில் எத்தனைக்குச் சமம்? மறுபடியும் கம்பியைத்தான் தேட வேண்டும்.

நம் மாநிலத்துக்குள்ளும் தட்டுகள் உண்டு. மாவட்ட லீக்கில் ஆடும் பையனின் எண்களையும் சென்னை முதல் டிவிஷன் லீக்கில் ஆடுபவனின் எண்களையும் நேருக்கு நேர் வைத்தால் பொருள் இல்லை. 2016 இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக், என் கணிப்பில், இவற்றுக்கிடையே போடப்பட்ட நல்ல கம்பி. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து சென்னை லீக் வழியாக வந்த டி. நடராஜன் அம்முதல் பருவத்தில் ஆடியது நம் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்காக. 2017 இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். அவர் யார்க்கர் பந்துகள் 2016 இல் திடீரென்று முளைத்தவையல்ல. அவற்றை அளக்கக்கூடிய எதிரிகள்தாம் அப்போது கிடைத்தார்கள்.

2024-25 இல் ரஞ்சிப் போட்டியின் எலைட்டில் 32 அணிகள், பிளேட்டில் 6. அந்த ஆறும் தங்களுக்குள்ளேயே ஆடின. முந்தைய பருவத்தில் பிளேட்டிலிருந்து மேலேறிய மேகாலயம் மும்பையிடம் 86, 129 என்று சுருண்டது. மும்பை 7 விக்கெட்டுக்கு 671. ஓர் இன்னிங்ஸ், 456 ஓட்டங்களில் தோல்வி. இத்தகைய ஆட்டங்கள் எதற்கு, சிறு அணிகளை அடியோடு ஒதுக்கி வையுங்கள் என்று சிலர் வெகுண்டார்கள். ஒதுக்கி வைத்தால் பிளட்குட்டின் சிறைதான் அவர்களுக்கும். அங்கே ஒரு பையன் 300 அடித்தாலும் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் முடியாது. அதைவிட, ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் பிளேட் அணி ஒவ்வொன்றும் எலைட்டின் கீழ்வரிசை அணிகள் இரண்டோடு ஆடட்டும். ஆறு அணிகளுக்குப் பன்னிரண்டு ஆட்டங்கள், ஆட்டத்துக்கு நான்கு நாள்கள். கேட்டால் நத்தத்திலும் ஒரு மைதானம் இருக்கிறது.