கடைசிப் பக்கம் இல்லாத புத்தகங்கள்

மடுல்சீமை பஸாரில் எங்கள் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. செத்தல் மிளகாயும் கருவாடும் சுற்றிக் கொடுக்கப் பழைய கடதாசி வேண்டும். பதுளையிலிருந்து கிலோக் கணக்கில் வரும் கடதாசிக் கட்டுகளில் பத்திரிகைகளோடும் பாவித்த கொப்பிகளோடும் இந்தியாவில் அச்சான மாத நாவல்களும் கலந்து வரும். அநேகமாக எல்லாமே துப்பறியும் நாவல்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்து எனக்குத் தருவது வாப்பாவின் வழக்கம். மேலட்டைப் படம் சரியில்லை என்றால் அட்டையைக் கிழித்துவிட்டுத்தான் தருவார். ஆகவே எழுதியவர் யார், நாவலின் பெயர் என்ன என்பது தெரியாமலே நான் வாசித்த கதைகள் பல.

எட்டாம் ஆண்டில் படிக்கும்போது அப்படி வந்த ஒரு நாவலில் கடைசிப் பக்கங்கள் இல்லை. ஊட்டியில் ஒரு பங்களா. வக்கீல் ஒருவர் இறந்து கிடக்கிறார். மனைவி, தம்பி, குமாஸ்தா, தோட்டக்காரர் என்று நாலு பேர் மீது சந்தேகம். துப்பறிபவர் எல்லோரையும் ஓர் அறைக்கு வரவழைத்துக் கதவைச் சாத்தச் சொல்கிறார். அத்தோடு புத்தகம் முடிந்துவிட்டது. மிச்சப் பக்கங்களில் யாருடைய வீட்டுக்கோ கருவாடு போயிருக்கும்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. மறுநாள் முதற்பக்கத்திலிருந்து மறுபடி வாசித்தேன். குமாஸ்தா ஏன் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்? தோட்டக்காரரின் சப்பாத்தில் ஏன் சேறு இல்லை? மூன்று நாட்கள் அதே யோசனை. சில மாதங்களின் பின் அதேபோல் முடிவில்லாத இன்னொரு நாவல் கிடைத்தது. அதை மூடி வைத்துவிட்டுச் சோறு தின்னப் போனேன். பின்னேரம் ஆகும்போது கதையில் வந்தவர்களின் பெயர்கூட நினைவில் இல்லை. இரண்டுமே மர்ம நாவல்கள், இரண்டுக்குமே முடிவு இல்லை. ஒன்று மட்டும் ஏன் என்னை விடவில்லை? எந்த மர்ம நாவலை முடிப்பது, எதைப் பாதியில் விடுவது என்ற கேள்வி எனக்கு அப்போதுதான் முதலில் வந்தது.

ஆனால் விடுவதற்கு மனம் வரவேண்டுமே! பீங்கானில் சோறு மிச்சம் வைத்தால் எங்கள் உம்மும்மா விடமாட்டார். அந்தப் பழக்கத்தில் புத்தகத்தையும் பாதியில் மூடினால் குற்றம் செய்ததுபோல் இருக்கும். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதம் வந்தால் போதாக்குறைக்கு, வாசித்து முடித்த நூல்களின் பட்டியல் எழுதவேண்டும். பாதி வாசித்தவற்றுக்கு அதில் இடமில்லை. போன வருடம் தவணைப் பரீட்சைக்கு முந்திய வாரம் பிடிக்காத ஒரு தடித்த நாவலோடு நான்கு இரவுகள் போராடினேன். கொலைகாரன் யார் என்று தெரிந்தால் போதும் என்ற ஒரே எண்ணம். கடைசியில் பார்த்தால், இறந்தவருக்கு ஓர் இரட்டைச் சகோதரர் இருந்தாராம்! அதுவரை அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த நான்கு இரவுகளையும் புவியியலுக்குக் கொடுத்திருக்கலாம். உயர்தரம் படிக்கும் எங்களுக்கு இரவு என்பது எண்ணிச் செலவழிக்க வேண்டிய பொருள்.

மற்ற நாவல்களை விட மர்ம நாவலைப் பாதியில் விடுவது கடினம். குடும்பக் கதையோ சரித்திரக் கதையோ அலுத்தால் மூடிவிடலாம். மர்ம நாவல் முதல் அத்தியாயத்திலேயே ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டு விடையைத் தன் மடியில் முடிந்துகொள்கிறது. கதை அலுத்த பின்னும் அந்த விடைக்காகவே பின்னால் போகிறோம். தமிழில் இந்த வித்தை நூறு வருடங்களுக்கும் மேல் பழையது. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908இல் வந்தது. அதன் பின் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் துப்பறிந்தார். வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' சஞ்சிகையைப் பொறுப்பேற்று அதில் தொடர்களை எழுதினார். தொடக்கத்தில் தான் சொல்லச் சொல்லத் தோழி ஒருவரைக் கொண்டு எழுதுவித்த அவர், பிறகு நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதி முடித்தார் என்பது நம்மைப் போன்ற மாணவிகள் அறிந்திருக்க வேண்டிய செய்தி. தொடராக வரும் கதை ஒவ்வொரு தடவையும் கதவு திறக்கும் நேரத்தில் நின்றுவிடும். கதவுக்குப் பின்னால் பெரும்பாலும் பூனைதான் இருக்கும். ஆனால் அது அடுத்த இதழில்தானே தெரியும்! எங்கள் உம்மா இளம் வயதில் மித்திரனில் வந்த தொடர்கதைகளை இப்படித்தான் வாசித்தாராம். "கதை ஞாபகமில்லை மகள், காத்திருந்ததுதான் ஞாபகம்" என்கிறார்.

ஆகவே முடிவை அறியும் ஆவல் வேறு, புத்தகத்தின் மீதுள்ள விருப்பம் வேறு. இந்த இரண்டையும் பிரித்தறிவது எப்படி?

அமெரிக்காவில் நான்சி பேர்ல் என்ற நூலகர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். 50 வயது வரை உள்ளவர்கள் ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுக்கவேண்டும். அதற்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். 50ஐத் தாண்டியவர்கள் 100இலிருந்து தம் வயதைக் கழித்து, மிஞ்சும் பக்கங்களை மட்டும் வாசித்தால் போதும். எங்கள் உம்மும்மாவுக்கு 78 வயது. அவர் 22 பக்கத்தோடு எழும்பிவிடலாம். நல்ல கணக்குத்தான். ஆனால் மர்ம நாவலுக்கு இது அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது என் அனுபவம். மர்ம நாவலின் முதல் 50 பக்கங்களே எழுத்தாளர் மிகக் கவனமாக எழுதும் பக்கங்கள். பிணம், பூட்டிய அறை, காணாமற்போன கடிதம் எல்லாம் அங்கேதான். நடுப்பகுதியில்தான் சாயம் வெளுக்கும். விசாரணை என்ற பெயரில் அதே கேள்வியை ஆறு பேரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதனால் நான் தீர்மானிக்கும் இடத்தைப் பாதிப் புத்தகத்துக்குத் தள்ளி வைத்துவிட்டேன்.

இதற்கு நேர்மாறான நாவல்களும் உண்டு. இத்தாலிய எழுத்தாளர் உம்பர்ட்டோ எக்கோ 1980இல் 'ரோஜாவின் பெயர்' என்ற நாவலை வெளியிட்டார். பழைய காலத்து மடாலயம் ஒன்றில் துறவிகள் ஒருவர் பின் ஒருவராக இறக்கும் கதை. முதல் 100 பக்கம் மிகவும் கடினம், சுருக்குங்கள் என்று சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. மலை ஏறுகிறவன் மலைக்கேற்ற மூச்சைப் பழகவேண்டும், நாவலும் அப்படித்தான் என்பது அவருடைய நியாயம். நான் அந்த நாவலை இன்னும் வாசிக்கவில்லை. ஆனால் அந்த நியாயம் எங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் பஸ்ஸில் முதல் வளைவுகளிலேயே தலை சுற்றுகிறது என்று இறங்கிவிட்டால், மேலே பனிமூட்டம் விலகும்போது தெரிவதைப் பார்க்க முடியாது.

எனக்கு அப்படி ஏற வேண்டியிருந்த புத்தகம் 'அசன்பே சரித்திரம்'. கண்டியைச் சேர்ந்த அறிஞர் சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட, இலங்கையின் முதல் தமிழ் நாவல். இன்றைய பொருளில் அது துப்பறியும் கதையல்ல. ஆனாலும் எகிப்திலே பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளரும் ஒருவன் தன் பிறப்பைத் தேடுவது மர்மம் இல்லாமல் வேறென்ன? பழைய நடை எனக்கு ஓடவில்லை. இரண்டு தடவை மூடி வைத்தேன். மூன்றாம் முறை உம்மும்மாவுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். என் கண்ணுக்குக் கரடுமுரடாக இருந்தது அவர் காதுக்கு அப்படி இருக்கவில்லை. நான் தடுக்கிய சொற்களை அவர் எடுத்துக் கொடுத்தார். 22 பக்கத்தோடு எழும்பக்கூடியவர் முடியும்வரை இருந்தார். அன்று முதல், விளங்கவில்லை என்பதற்காக எந்தப் புத்தகத்தையும் விடுவதில்லை. விளங்கியும் ஒன்றுமில்லை என்றால்தான் விடுகிறேன்.

அந்த இரட்டைச் சகோதரருக்கு வருவோம். அவர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அது என் தனிப்பட்ட கோபம் மட்டுமல்ல என்று பிறகு தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் பாதிரியாராக இருந்தவரும் துப்பறியும் கதைகள் எழுதியவருமான ரொனால்ட் நொக்ஸ் 1929இல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். துப்பறிபவர் காணும் தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்படவேண்டும். முன்கூட்டி வாசகரைத் தயார்படுத்தாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது. அதே 1929இல் எல்லரி குயின் என்ற பெயரில் எழுதத் தொடங்கிய இரண்டு அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். முடிவுக்குச் சற்று முன் கதையை நிறுத்தி, எல்லாத் தடயங்களும் இப்போது உங்கள் கையில், விடையைக் கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று வாசகருக்கே சவால் விட்டார்கள். ஊட்டி பங்களா ஏன் என் நித்திரையைக் கெடுத்தது என்று அப்போது விளங்கியது. அதில் கடைசிப் பக்கம்தான் இல்லையே தவிர, தடயங்கள் இருந்தன. நான் யோசிக்க இடம் இருந்தது. மற்ற நாவலில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. எழுத்தாளர் சொல்லும்வரை வாயைப் பிளந்துகொண்டு காத்திருப்பதுதான் வேலை.

விதியை மட்டும் வைத்து எடைபோடவும் முடியாது. தற்செயல் நிகழ்ச்சி துப்பறிபவருக்கு உதவக்கூடாது என்பதும் நொக்ஸின் விதிகளில் ஒன்று. தேவன் எழுதிய துப்பறியும் சாம்புவை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க முழுக்கத் தற்செயல்தான்! சாம்பு ஒரு அப்பாவி. எதையோ செய்யப்போக, திருடன் தானாக வந்து அகப்படுவான். பத்து விதியில் ஒன்று தலைகீழ். ஆனாலும் ஒரு கதையைக்கூட நான் பாதியில் விட்டதில்லை. எப்படியும் சாம்புதான் வெல்வார் என்று தெரிந்தே வாசிக்கிறோம். முடிவு தெரிந்தாலும் வாசிக்கத் தோன்றுகிற புத்தகம் என்றால் யோசிக்கவே வேண்டாம், முடித்துவிடுங்கள்.

இன்னொரு வகை நாவலை நான் பாதிவரைகூடப் போவதில்லை. பெற்றோரும் இதைக் கவனிப்பது நல்லது. முதற்பக்கத்தில் ஒரு பெண் இறந்து கிடப்பாள். அவள் கூந்தல் எப்படி இருந்தது, சேலை எப்படிக் கலைந்திருந்தது என்று ஒரு பக்கம் வர்ணனை. அவளுக்குப் பெயர் இருக்காது. அவளைத் தேடி ஒரு தாய் வரமாட்டாள். இருபதாம் பக்கத்துக்குப் பின் அவளை எவரும் நினைப்பதும் இல்லை. துப்பறிபவர் உதவியாளரோடு பகிடி பேசிக்கொண்டு கோப்பி குடிப்பார். வாப்பா அட்டையைக் கிழித்தது சரிதான், ஆனால் சில நாவல்களில் பிழை அட்டையில் இல்லை. கொலைக் கதை வாசித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அகதா கிறிஸ்டியின் கதைகளிலும் கொலை இருக்கிறது. ஆனால் அங்கே யார் இறந்தார், அவரால் யாருக்கு என்ன நட்டம் என்பதிலிருந்துதான் கதையே நகர்கிறது. செத்தவளைப் பொருட்படுத்தாத கதையில் கொன்றவன் யாராக இருந்தால் எனக்கென்ன?

இப்போது என் வழக்கம் இதுதான். பாதிக்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கொப்பியில் எழுதுவேன்: யார் யார் வருகிறார்கள், யார் மீது சந்தேகம், ஏன். பார்க்காமல் எழுத முடிந்தால் தொடர்வேன். பெயர்களே வராவிட்டால், வந்தாலும் ஏன் என்ற இடத்தில் கை நின்றுவிட்டால், அதோடு சரி. அப்போதும் கொலைகாரன் யார் என்ற நச்சரிப்பு மட்டும் மிஞ்சினால் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். கள்ளத்தனம் என்று விடுதித் தோழிகள் சிரிக்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்யச் சொல்பவர் அந்த நான்சி பேர்லேதான். பிரான்ஸ் எழுத்தாளர் டானியல் பென்னாக் 1992இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டபோது, முடிக்காமல் விடும் உரிமையையும் பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமையையும் அதில் சேர்த்திருக்கிறார்.

விட்ட புத்தகங்களுக்கு ஒரு தனிப்பக்கம் வைத்திருக்கிறேன். பெயர், விட்ட பக்கம், காரணம். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு நாவல் திரும்பியும் வந்திருக்கிறது. ஷெர்லொக் ஹோம்ஸ் முதன்முதலாக வரும், 1887இல் வெளியான கதை. லண்டனில் நடந்துகொண்டிருந்த கதை பாதியில் திடீரென்று பல வருடம் பின்னோக்கி அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போய்விடும். அச்சுப்பிழையோ என்று நினைத்து மூடிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் "ஹோம்ஸைக் காணவில்லை" என்று எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்து அதைப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மறுபடி எடுத்தேன். கொன்றவனுக்கும் ஒரு நெடுங்கதை உண்டு என்பதைச் சொல்லத்தான் அந்தப் பாலைவனம்.

ஊட்டி நாவலின் கடைசிப் பக்கங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. போன விடுமுறையில் கடையில் நிற்கும்போது வாப்பா, "இந்தா மகள், உன் கொலைகாரன்!" என்று ஒரு தாளை நீட்டினார். ஓடிப்போய் வாங்கினேன். துப்பறிபவர் எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்துக் காரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அது கொடைக்கானல், இறந்தவர் ஒரு டொக்டர். வேறு கதை. வாப்பா அந்தத் தாளை வாங்கி மிளகாய் சுற்றினார். எனக்கு இன்னமும் குமாஸ்தா மீதுதான் சந்தேகம். வாப்பா தோட்டக்காரர் என்கிறார்.